காப்புக் கட்டியபோது நிறுத்திய மாத்திரை

உடம்பிலிருந்து எடுத்த பிறகும் தவளையின் இதயம் துடிப்பதை முதன்முதலாகப் பார்த்த வாரம், என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம். கோயம்புத்தூரில் மருந்தியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் காது கொடுக்க ஆளில்லை. சனிக்கிழமை உடுமலைப்பேட்டை பஸ்ஸைப் பிடித்து, ஊரில் அப்பாவிடம் போய் அளந்தேன்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, இரண்டு வருடமாகத் தினமும் மாத்திரை. அதே வகை மருந்தைத்தான் நாங்களும் சோதனைக்கு எடுத்திருந்தோம். நூலில் கட்டித் தொங்கவிட்ட இதயத்தின் ஒவ்வொரு துடிப்பையும் புகை படிந்த தாளில் ஒரு முள் கோடாகக் கீறும். பயத்திலும் பரபரப்பிலும் உடம்பில் சுரக்கும் அட்ரினலின் ஒரு சொட்டு விட்டால் கோடு சடசடவென்று உயரும். இந்த மருந்தை முதலில் கொடுத்துவிட்டு அதே அட்ரினலினை விட்டால், இதயம் அசைந்து கொடுக்காது. தன் போக்கில் துடிக்கும். அட்ரினலின் வந்து உட்கார வேண்டிய இடங்களை, ஏற்பிகள் என்போம், மருந்து முன்னதாகவே பிடித்துக்கொள்கிறது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி என்றேன். அப்பா சிரித்தார். பிறகு, தவளைக்குக் கொடுத்துப் பார்த்துத்தான் மனுசனுக்குக் கொடுப்பார்களா என்று கேட்டார். தவளை, முயல், நாய் எல்லாவற்றின் இதயத்தையும் அறுத்துப் பார்த்துத்தான் என்றேன், பெருமையாக.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். நாள்கணக்கில் மருந்து தடுத்துவைத்த இதயம், தன் பங்குக்கு ஏற்பிகளைக் கூட்டிக்கொள்ளும். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அத்தனையும் அட்ரினலினுக்குத் திறந்து கிடக்கும்; மாரடைப்பே வரலாம். இதைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அப்பாவிடம் சொல்லவில்லை. வேடிக்கையைச் சொன்ன எனக்கு, வேண்டியதைச் சொல்லத் தோன்றவில்லை.

சித்திரையில் ஊர் மாரியம்மன் நோன்பு. அந்த வருடம் அப்பா பூவோடு எடுப்பதாக வேண்டிக்கொண்டு காப்புக் கட்டியிருந்தார். எரியும் தீச்சட்டியைக் கையில் ஏந்திக் கோயிலைச் சுற்றி வர வேண்டும். காப்புக் கட்டினால் அது அவிழும்வரை வீட்டில் கவுச்சி கிடையாது. எட்டாம் நாள், மேளச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே மூன்று சுற்று வந்து சட்டியை இறக்கியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஓடிப்போன நான், மாத்திரை சாப்பிட்டாரா என்றுதான் அம்மாவிடம் முதலில் கேட்டேன். அம்மா தலை நிமிரவில்லை.

"எட்டு நாளா நிறுத்திப்போட்டாரு கண்ணு. உசுர அறுத்துப் பாத்த மருந்து, காப்புக் கட்டுன ஒடம்புல சேரக்கூடாதுன்னு. நீதான் சொன்னியாமா."

என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது. இதயத் தசையில் பெரும்பகுதி செத்துவிட்டது என்றார் டாக்டர். மிச்சமிருக்கும் இதயம் அட்ரினலின் விரட்டும் விரட்டலில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைத் தடுத்தால் நின்றுபோகும், அந்த மாத்திரையை இனித் தொடவே கூடாது என்றார். பக்கத்தில் நின்ற சொந்தக்காரர்கள் விழித்தார்கள். எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா கண் திறந்து, என்னை அருகே கூப்பிட்டார். முகம் தெளிவாக இருந்தது.

"பூவோடு எறக்கியாச்சு கண்ணு. காப்பும் அவுத்தாச்சு. இனி அந்த மாத்திரையக் குடு, ஒழுங்காச் சாப்பிட்டுக்கறேன்" என்று கையை நீட்டினார்.

"தாரேனுங்கப்பா" என்றேன்.

மாத்திரைக்கு நீட்டிய கையை மடக்காமல், அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.