மஞ்சள் சட்டை காட்டிய கை

நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. கூடவே வந்த ஜெயப்ரியாவே நம்பவில்லை, நீங்கள் நம்பி எனக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் போன மார்கழியில், பாலாற்றங்கரைச் சாலையில், என் இரண்டு கண்ணால் பார்த்தது இது. பைபிள்மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன்.

நானும் ஜெயப்ரியாவும் ரேஸ் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். இரண்டு பேருக்கும் வீடு செவிலிமேட்டில்தான். ஒரே கம்பெனி, ஒரே பஸ். காலையில் பஸ் வருவதற்குள் ஓட்டி முடிக்க வேண்டும் என்பதால் இருட்டோடு கிளம்பிவிடுவோம். மாநிலப் போட்டிக்கு எங்கள் மாவட்டத்திலிருந்து ஒரு பெண்தான் போகலாம். அப்போது அடுத்த ஞாயிறு தேர்வு இருந்தது. போகப்போவது ஜெயப்ரியாதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருமுறைகூட நான் அவளை முந்தியதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, பொறாமை இல்லை. இந்த வித்தியாசம் இப்போது யாருக்கும் புரிவதில்லை.

எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் சேர்ந்து போனால் ஒருவர் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்வார். மற்றவர் அவருடைய பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டே வருவார். பின்னால் வருகிறவருக்குக் காற்றடி கிடையாது, பாதி உழைப்புதான். ஆனால் சாலை தெரியாது. அதனால் பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முன்னால் போகிறவர் கையைத் தாழ்த்திக் காட்டுவார். பின்னால் வருகிறவர் எதிர்ப்பக்கம் ஒதுங்க வேண்டும். அதே கையைத் தனக்குப் பின்னால் வருகிறவருக்கும் காட்ட வேண்டும். நீ பள்ளத்தைப் பார்த்தாயா என்ற கேள்வியே கிடையாது. முன்னால் போகிறவர் களைத்துவிட்டால் முழங்கையை ஒரு ஆட்டு ஆட்டுவார். 'இனி உன் முறை, நீ முன்னால் வா' என்று அர்த்தம்.

அன்று தாமல் ஏரிவரை போய்த் திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. வேறு வழியில்லாமல் ஆற்றங்கரைச் சாலைக்குள் திரும்பினோம். அதற்குமுன் அதில் போனதே இல்லை. மணி ஐந்து பத்து. நல்ல பனி. தூரத்துக் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு. அப்போதுதான் ஜெயப்ரியாவின் விளக்கு அணைந்தது.

"சார்ஜ் போட மறந்துட்டேன்பா."

"நல்லா மறந்த போ. ஞாயித்துக்கெழம சைக்கிள மறந்துட்டு வந்துடாத."

"திட்டாத கிரேஸு. நீ முன்னாடி போ. உன் வீலையும் கையையும் பாத்துக்கினே வந்துடறேன்."

அன்று அவளுக்குக் கண் நான்தான். பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதைத் தவிர என் மனதில் வேறு எதுவும் இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

கொஞ்ச தூரம் போனதும் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு தெரிந்தது. எங்களைப் போலவே ஒரு ரேஸ் சைக்கிள். மஞ்சள் சட்டை. முகம் தெரியவில்லை. எனக்கு உயிரே வந்தது. வழி தெரிந்த ஆள் போலிருக்கிறது என்று அவர் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"முன்னாடி ஒருத்தரு போறாரு. அவரு பின்னாலயே போயிடலாம்."

"ம்" என்றாள். தலையைக் குனிந்து என் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள், பாவம்.

அவர் இடது கையைத் தாழ்த்தினார். நானும் தாழ்த்தினேன். பள்ளம் இருந்தது. வலது கையைத் தாழ்த்தினார். பள்ளம் இருந்தது. என் விளக்கு வெளிச்சம் எட்டுவதற்கு முன்பே காட்டினார். கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஊர் வந்தது. சைக்கிளைக் கண்டால் கன்றுக்குட்டி உயர நாய்கள் துரத்தும் ஊர்கள் இவை. அன்று ஒரு நாயும் குரைக்கவில்லை. ஒன்று மட்டும் வாலை இடுக்கிக்கொண்டு சுவரோரம் முனகியது.

சாலையில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது.

"ஏய், மொகமெல்லாம் சேறு அடிக்குதுபா!" என்று ஜெயப்ரியா கத்தினாள். என் சக்கரத்திலிருந்து தெறித்த தண்ணீர்.

சிரிக்கப் போனவள் அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

என்மேல் ஒரு சொட்டுகூடத் தெறிக்கவில்லை...

அதே தண்ணீரில்தான் அவரும் போனார். ஒரு கை தூரத்தில்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. காற்று. எதிர்க்காற்று என் முகத்தில் அறைந்துகொண்டே இருந்தது. முன்னால் ஒரு ஆள் போனால் அது நிற்க வேண்டும். நிற்கவில்லை.

முன்னால் ஆளே இல்லாதது போல...

காதைத் தீட்டிக் கேட்டேன். என் செயின் சத்தம். ஜெயப்ரியாவின் செயின் சத்தம்.

இரண்டுதான்.

பிரேக்கைப் பிடிக்க நினைத்தேன். விரல் மடங்கவில்லை.

மணி ஐந்து முப்பத்தொன்று.

அவர் இடது கையைத் தாழ்த்தினார்.

என் இடது கையும் தாழ்ந்தது. பழக்கம்...

ஆனால் அவர் இடப்பக்கமே போனார். பள்ளம் என்று காட்டிய இடத்தின்மேலேயே போனார். என் சக்கரமும் அவரோடு போனது.

ஜெயப்ரியா என் கையை நம்பினாள்.

வலப்பக்கம் ஒதுங்கினாள்.

சடார்...

கத்தக்கூட அவளுக்கு நேரமில்லை.

அது கால்வாய்மேல் ஒரு சின்னப் பாலம். வெள்ளத்தில் வலது பாதி போய்விட்டிருந்தது. கீழே கருங்கல்லும் துருப்பிடித்த கம்பியும். இடது பாதி மட்டும் நின்றது. அதன்மேல் நான்.

அந்தக் கரையில் அவர் காலை ஊன்றி நின்றிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

முழங்கையை ஒரு ஆட்டு ஆட்டினார்.

அவருடைய சிவப்பு விளக்கு அணைந்தது.

ஜெயப்ரியா பிழைத்தாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வராது என்று சொல்லிவிட்டார்கள். அவளுடைய ஹேண்டில்பாரில் சின்ன கேமரா ஒன்று உண்டு. லாரி இடித்தால் சாட்சி வேண்டும் என்று அவள் அம்மா ஜெயம்மாள்தான் மாட்டவைத்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த வீடியோவை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"எங்கமா அந்த ஆளு? காட்டு. நீ ஒருத்திதான் போற. உன் கைதான் பள்ளமே இல்லாத பக்கத்துல பள்ளம்னு காட்டுது. போட்டில எடம் வோணும்னா கேட்டிருக்கலாமே, என் பொண்ணே விட்டுக் குடுத்திருப்பாளே!"

திரும்பத் திரும்பப் பார்த்தேன். பனி, என் முதுகு, என் கை. வேறு யாருமே இல்லை.

உள்ளே ஓடிப்போய் ஜெயப்ரியாவின் கையைப் பிடித்தேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள். அழவில்லை.

"போ கிரேஸு. இனிமே நீதான் முன்னாடி" என்றாள். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

அவள் கண்ணால் பார்த்தால் நான் கொலைகாரிதான். அவளை எப்படிக் குறை சொல்வது? அந்த மனிதரை யாராவது ஒருவர் பார்த்திருந்தால் போதும் என்று, நல்ல வெயிலில், அம்மாவின் ஸ்கூட்டியில் அங்கே போனேன். பாலத்தருகே ஒரு டீக்கடை. கடைக்காரர் பெயர் பழனி.

"மஞ்சச் சட்டையா?" என்றவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"போன வருசம் ரெண்டு பசங்க வந்தாங்கமா, இதே மாதிரி சைக்கிள்ல. பின்னாடி வந்தவன் பாலத்துக்குள்ள வுழுந்து அங்கயே முடிஞ்சிட்டான். முன்னாடி வந்த பையன்தான் மஞ்சச் சட்டை. 'எனக்கு முன்னாடி ஒருத்தரு போனாரு, அவருதான் கை காட்னாரு'ன்னு அழுதுக்கினே இருந்தான். எவன் நம்புவான்? நீதான் தள்ளிவுட்டன்னு பேசனாங்க."

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான்ணா?"

"அடுத்த மாசமே அதே பள்ளத்துல சைக்கிளோட செத்துக் கெடந்தான். மொத நாளு இதே பெஞ்சுலதான் ஒக்காந்து இருந்தான். தூக்கமே வர்லியாம். கண்ண மூடனா அந்த ஆளு வந்து நிக்கறானாம். ஒண்ணும் பேச மாட்டானாம். கைய மட்டும் இப்டி ஆட்டறானாம்."

பழனி தன் முழங்கையை ஒரு ஆட்டு ஆட்டிக் காட்டினார்.

"நீயும் சைக்கிள் ஓட்ற பொண்ணுதான? அப்டின்னா இன்னாமா அர்த்தம்?"

தானாக ஆடிக்கொண்டிருந்த என் வலது முழங்கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.