பாதியில் நின்ற மோதிரம்

நாகேந்திரம் அண்ணர் பயந்த மனுசன். யாழ்ப்பாணத்தில் கிளாக்கராக இருந்தவர். மனைவி ஷெல்லடியில் செத்த பிறகு, ஒரே மகள் நேசமலரோடு கொழும்பு வெள்ளவத்தையில், மாடிக் குடியிருப்பொன்றில் எங்கள் பக்கத்து பிளாற்றுக்குக் குடிவந்தார். பஸ்ஸில் தமிழில் வாய் திறக்க மாட்டார். யாராவது கதவைத் தட்டினால், அவர் ஓட்டையால் பார்த்து முடிப்பதற்குள் வந்தவருக்கே அலுத்துப் போகும்.

நேசமலர் ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிற ரீச்சர். அந்த வருடம் பாடம் ஒரு பழைய நாடகம். தீவில் ஒரு மந்திரவாதி, அவனுக்கும் ஒரே மகள். இளவரசன் ஒருவனுக்கு அவளை நிச்சயம் செய்து, தேவதைகளை வரவழைத்து ஆடவிடுகிறான். நடுவில், தன்னைக் கொல்ல ஆட்கள் வருவது நினைவுக்கு வர, ஆட்டத்தை நிறுத்திவிடுகிறான்.

அண்ணருக்கு அந்தக் காட்சி நன்றாகப் பிடித்துவிட்டது. “அவன்தான் தகப்பன். சந்தோசத்திலை கண்ணை மூடினால் பிள்ளை போயிடும்.”

“நல்ல காரியத்தை நடுவிலை குழப்பினால் விளங்குமே?” என்றேன்.

“மெற்றில்டா, உமக்கு உதெல்லாம் விளங்காது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொண்ணூற்றேழில் ஜெயரூபனைப் பேசி முடித்தார்கள். ஊரிலிருந்து கப்பலில் வந்து லொட்ஜில் தங்கியிருந்தான். வடக்குத் தமிழர் கொழும்பில் தங்க எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவு இன்னும் கிடைக்கவில்லை. நல்ல பிள்ளை. அவன் வீட்டுக்கு வந்த அன்றுதான் நேசமலர் சிரித்ததை முதன்முதலாகக் கண்டேன்.

ஞாயிறு பின்னேரம் மோதிரம் மாற்ற இருந்தார்கள். பிந்தி வந்த ஒருவர், எங்கள் ஒழுங்கையின் தெரு முகப்பில் ஆமி செக்கிங் என்றார். அண்ணர் கதவைத் திறந்து பார்த்தார். வாசல் நிறையச் செருப்பு. படியேறி வருகிறவன் ஆட்களை உள்ளே வந்து எண்ணத் தேவையில்லை. அண்ணருக்கு முகம் வெளிறிப் போயிற்று.

“எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ.”

ஜெயரூபன் கையில் மோதிரம் இருந்தது.

“தம்பி, பதிவில்லாமல் நீங்கள் இஞ்சை நிண்டால் என்ரை பிள்ளையையும் கொண்டு போவாங்கள். பின்படியாலை இறங்கிக் கடற்கரைப் பக்கமாய்ப் போங்கோ.”

“என்ரை வீட்டு உள்ளறையிலை இருக்கட்டும் அண்ணர்,” என்றேன். அவர் காதில் விழவேயில்லை. ஜெயரூபன் மோதிரத்தைத் தட்டில் வைத்துவிட்டு இறங்கினான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆமி எங்கள் படியை மிதிக்கவேயில்லை. முகப்பில் ஒரு வான் வண்டியைச் சோதித்துவிட்டுப் போய்விட்டது. கடற்கரை ரயில் பாதையடியில் நின்ற வேறு ஆட்கள்தான் ஜெயரூபனைப் பிடித்து வாகனத்தில் ஏற்றினார்கள். அண்ணர் ஏறாத பொலிஸ் இல்லை, போகாத காம்ப் இல்லை. அப்படி ஒருவன் இல்லை என்றே எல்லா இடத்திலும் சொன்னார்கள்.

அடுத்த வருடமும் அதே நாடகம்தான் பாடம். ஒருநாள் கறி கொடுக்கப் போனேன். நேசமலர் அந்தக் காட்சியைத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே அண்ணரிடம் சொன்னாள்:

“அப்பா, அந்த மனுசன் ஆட்டத்தைத்தான் நிப்பாட்டினவன். பிள்ளையள் ரெண்டு பேரையும் தன்ரை குகைக்குள்ளை போய் இருக்கச் சொன்னவன். வெளியிலை அனுப்பேல்லை.”