சாய்ந்தமருதில் ஒரு வால்வெள்ளியும் அறுபது வாட் பல்பும்

1997 ஏப்ரல் முதல் வாரத்தில் நான் சாய்ந்தமருதுக்குப் போனது ஒரேயொரு படத்துக்காக. எடுக்கப்போனது நானல்ல, என் மதினி. அந்த வருடம் மாலை வானத்தில் வெறுங்கண்ணுக்கே தெரிகிற மாதிரி ஒரு பெரிய வால்வெள்ளி வந்திருந்தது. வானொலியில் அதைப் பற்றிக் கேட்ட நாளிலிருந்து மதினி இரண்டு மாதமாக ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். "அமாவாசைக்கு வா, ரெண்டு பேரும் பாப்பம்" என்று கடிதம் எழுதியிருந்தார். அந்த மாத அமாவாசை ஏழாம் திகதி. நான் ஐந்தாம் திகதி சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

மதினி என் நானாவின், அதாவது அண்ணனின், மனைவி; கணவரின் தங்கை என்பதால் என்னை மச்சி என்பார். மாவனல்லையில் பிறந்த நானா கலியாணம் முடித்ததும் கிழக்குக் கரை வழக்கப்படி சாய்ந்தமருதில் பெண்வீட்டிலேயே குடியேறினார். மதினி பாடசாலையில் கணிதம் படிப்பித்தார். மிச்ச நேரமெல்லாம் வானம்தான். சவூதியிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவரிடம் வாங்கிய பழைய கமரா அவரிடம் இருந்தது. பிலிமைக் கையால் சுழற்றி முன்னே தள்ளி, முடிந்ததும் கையாலேயே பின்னே சுற்றி எடுக்கிற வகை. அதை வைத்துக்கொண்டு மழைமுகில், மின்னல், அந்திச் சிவப்பு என்று வருடக்கணக்காக எடுத்துவந்தார். ஒவ்வொரு படத்துக்கும் நேரம், வினாடி எல்லாம் ஒரு கொப்பியில் எழுதிவைப்பார். எனக்குக் கொழும்பில் ஒரு அச்சகத்தில் கணினியில் பக்கம் அமைக்கிற வேலை. அங்கே படம் வருடும் இயந்திரமும் இருந்ததால், மதினி அனுப்பும் நெகட்டிவ்களை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கணினிக்குள் ஏற்றிப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. இப்படித்தான் நாங்கள் கூட்டாளிகள் ஆனோம்.

இனிப் பயணம். நானா ஒரு வேலையாகக் கொழும்புக்கு வந்திருந்ததால் அவரோடு போனேன். புறக்கோட்டையில் காலை ஆறு மணி பஸ், ஆளுக்கு 128 ரூபாய். கண்டி 9.15. மகியங்கனை இறக்கத்தின் பதினெட்டு வளைவுகளிலும் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் (வாந்தி வருகிறவர்கள் காலையில் சாப்பிடாமல் போங்கள்). மகியங்கனையில் பகல் சாப்பாடு, அம்பாறை மூன்றரை. யுத்த காலம் என்பதால் வழியில் நான்கு சோதனைச் சாவடிகளில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து போய்த் திரும்ப ஏறினோம். சம்மாந்துறை தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். காரைதீவுச் சந்தியில் பஸ் வடக்கே திரும்பியபோது கொண்டக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"சாய்ந்தமருதுல எவடத்தகா இறங்கிற?"

"பள்ளியடியில" என்றார் நானா.

பள்ளிவாசலடியில் இறங்கும்போது 5.10. ஏறத்தாழ 330 கிலோமீற்றர், பதினொரு மணி நேரம். கல்முனை இன்னும் மூன்று கிலோமீற்றர்தான்.

வீடு பிரதான வீதிக்கு மேற்கே, வயல் தொடங்குகிற பக்கம். அங்கே வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ஆனால் மாடிக்கு ஏறினால் வடமேற்கே தடையில்லாத வானம். வால்வெள்ளி தெரியப்போவதும் அந்தத் திசையில்தான். ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் காலத்தில் இருட்டிய பிறகு மாடியில் ஆளும் ஏதோ ஒரு கருவியும் தெரிந்தால் கேள்வி வரும். நானா முதலிலேயே காவலரணுக்குப் போய், தன் மனைவி நட்சத்திரம் பார்க்கிறவர், துப்பாக்கி போலத் தெரிவது கமரா என்று விளக்கிவிட்டு வந்திருந்தார். "சிரிச்சானுகள். ஆனா ஓம் எண்டு சொல்லிட்டானுகள்" என்றார்.

அப்போது நாட்டின் கடிகாரம் இன்றைக்கு இருப்பதைவிட அரை மணி முன்னே ஓடியது. சூரியன் மறைவது 6.38க்கு. மஃரிப் தொழுதுவிட்டு மாடிக்கு ஏறினால் இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பாங்கு சொல்லும்வரை ஒரு மணிக்கும் குறைவான நேரம். அதற்குள் எடுக்க வேண்டும். பிறகு வால்வெள்ளி வயலுக்கு அப்பால் தென்னோலைகளுக்குள் இறங்கிவிடும்.

சனிக்கிழமை முகில். ஞாயிற்றுக்கிழமையும் முகில்தான். ஆனால் அது வயலின் மேல் செம்பும் ஊதாவுமாக எரிந்தது. மதினி பொறுக்கமாட்டாமல் ஆறு படம் எடுத்தார். "பிலிம் முடியப் போகுது" என்று நானா கத்தினார். "முகிலும் வானம்தானே" என்றார் மதினி.

திங்கட்கிழமை பகல் மழை பெய்து, பின்னேரம் வானம் கழுவிவிட்டது போல ஆனது. 7.15க்கு நீலம் வடியத் தொடங்கியபோது அது அங்கே இருந்தது. நான் படத்தில் கண்டிருந்தேன், ஆனால் படத்தில் கண்டது எதுவும் என்னை ஆயத்தம் செய்திருக்கவில்லை. புகையில்லாத ஒரு புகை. மேல்நோக்கி விரிந்த வால். மதினியிடம் கமராவை நிறுத்த முக்காலி கிடையாது. ஒரு சிறிய துணிப் பையில் நெல்லை நிரப்பி, அதன்மேல் கமராவைப் புதைத்து, வானத்துக்குத் திருப்பி வைத்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்து இருபது வரை எண்ணினேன். நானா டோர்ச்சைக் கையால் பொத்தி, கொப்பியில் நேரம் எழுதினார். ஒன்பது படம். ஒன்பதாவது எடுக்கும்போது இஷா பாங்கு சொன்னது.

கீழே வந்ததும் மதினி தொழுகைக்குப் போகும் வழியில் சொன்னார்: "மச்சி, இந்த பிலிமக் கழட்டி உன்ட பேக்குல வெச்சிடு. கொழும்புல கழுவினாத்தான் நல்லாரிக்கும்."

என்னிடமிருந்த சிறிய கமரா தானாகவே பிலிமைப் பின்னே சுற்றிக்கொள்ளும். எல்லாக் கமராவும் அப்படித்தான் என்று என் கை நினைத்தது. கூடத்து அறுபது வாட் பல்பின் கீழே நின்று, பின்மூடியைத் திறந்தேன்.

பிலிம் நெளிந்து, பளபளவென்று கிடந்தது.

மூடினேன். இரண்டு வினாடி இருக்கும். கழுவாத பிலிமை எரிக்க அந்த வெளிச்சம் போதும். மதினி தொழுது முடியும்வரை கமராவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே நின்றேன். அவர் தொழுகைப் பாயை மடித்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"சுத்தாமத் திறந்திட்டியா?"

"ஓம் மதினி."

அவர் கமராவை வாங்கி, மெதுவாகச் சுற்றி, சுருளை எடுத்து டப்பிக்குள் போட்டார். "ரெண்டு மாசம்" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு, "நாளைக்கும் வானம் வெளிச்சா திரும்ப எடுப்பம். வா சாப்பிட" என்றார். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை முகில். புதன் காலை நான் பஸ் ஏறினேன். பிறகு ஒவ்வொரு பின்னேரமும் உள்நாட்டுப் பக்கம் மழை கட்டியது, நிலவும் வளர்ந்தது, ஹஜ்ஜுப் பெருநாள் வந்து போனது. மே மாதம் நானா எழுதினார்: "உன் மதினி இப்போது மாடிக்குப் போவதில்லை." அந்த ஒரு வரிதான். நான் அதை வேலை மேசையில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நான் கொண்டுவந்த பிலிமைக் கொழும்பில் கழுவியபோது ஒன்று தெரிந்தது. சுருளில் வெளிப்பக்கம் இருந்தவைதான் முற்றாக எரிந்திருந்தன. உள்ளே சுருண்டிருந்த முகில் படங்கள் தப்பிவிட்டன. வால்வெள்ளிப் படங்களில் முதலாவது மட்டும் பாதி உயிரோடு இருந்தது. தலையும் முக்கால் வாலும் தெளிவு. வலது ஓரத்தில், வாலின் நுனியைத் தின்றுகொண்டு, ஒரு செம்மஞ்சள் கீற்று.

மூன்று வாரம் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அந்தப் படத்தோடு இருந்தேன். அச்சகக் கணினியின் நினைவகம் 32 மெகாபைட். ஒரு கட்டளை கொடுத்தால் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். தவறு செய்தால் ஒரேயொரு படிதான் பின்வாங்கலாம். ஆனாலும் அந்த இன்பத்தை எப்படிச் சொல்வது! சாம்பல் பூத்த வானத்தின் கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுக்க, இல்லை என்று நினைத்த இடத்தில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவை பிலிமில் இருந்தவை, மதினியின் இருபது வினாடிகளில் வந்து விழுந்தவை. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. ஓரிடத்து வானத்தைப் பிரதி எடுத்து இன்னோரிடத்தில் அப்புகிற கருவியால் அந்தக் கீற்றை முழுதாக மூடினேன். வாலுக்கு ஒரு நுனியும் செய்தேன். யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று நம்பினேன்.

ஓகஸ்டில் இரண்டாம் தரம் போனேன். அதே பஸ், அதே வளைவுகள், கட்டணம் மட்டும் ஏழு ரூபாய் கூட. பெரிதாக அச்சிட்ட படத்தை மேசையில் விரித்ததும் நானா, "மாஷா அல்லாஹ்! ஒண்டும் ஆகல்ல போல இரிக்கே!" என்றார். மதினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, விரலை வைத்து வைத்துப் பார்த்தார். பரீட்சைத் தாள் திருத்துகிறவர் அல்லவா.

"மச்சி, இஞ்ச மூணு வெள்ளி, முக்கோணமா நிக்கிது."

"ஓம்."

"அதே முக்கோணம் இஞ்சயும் நிக்கிது. இந்தா, இதுலயும். வானத்துல இப்பிடி அச்சடிச்சு வெச்சிரிக்கா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வாலின் நுனி பொய் என்பதையும் சொன்னேன். திருத்தாத அச்சும் பையில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். அந்தச் செம்மஞ்சள் கீற்றை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்மட ஹோல் பல்புட வெளிச்சமா?"

"ஓம் மதினி. நான் திறந்த நேரம் விழுந்தது."

மதினி சிரிக்கத் தொடங்கினார். ஏப்ரலுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்துக் கண்டதில்லை என்று நானா பிறகு சொன்னார். "வால்வெள்ளி வெளிச்சம் இருவது கோடி கிலோமீற்றர் தாண்டி வந்திரிக்கு. நம்மட பல்பு வெளிச்சம் எட்டடி. ரெண்டும் ஒரே பிலிம்ல வந்து நிக்கிது. இத எப்பிடிகா அழிக்க மனம் வந்திச்சு உனக்கு?"

மறுநாள் மூவரும் கல்முனைக்குப் போனோம். பஸ் மூன்று ரூபாய். சந்தைக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு கணினி வகுப்பு திறந்திருந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு ஐம்பது ரூபாய். திருத்தாத படத்தையும் ஒரு பிளாப்பிக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கி எடுத்துவந்திருந்தேன். முதலில் மதினி கணினியின் எலியைத் தொடப் பயந்தார். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டியைத் திறந்து காட்டியதும் கதிரையை முன்னே இழுத்துக்கொண்டார்.

"இது கிராப் தானே! கீழ உள்ளது போற வெளிச்சம், பக்கத்துல உள்ளது வாற வெளிச்சம்."

"ஓம்."

"எட்டாம் வகுப்புக்கு இதத்தான் நான் படிப்பிக்கிறன்." சாய்கோட்டின் நடுவைப் பிடித்து ஒரு மயிரளவு கீழே இழுத்தார். வானம் ஆழமானது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். மெல்லிய நட்சத்திரங்கள் மறைந்தன. "சே, இது கூடிப் போச்சு" என்று திருப்பிவிட்டார். அந்த வளைகோட்டோடு அவர் விளையாடியதைப் பார்க்க, என் மூன்று வாரம் எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் படத்தை அழகாக்கப் பார்த்தேன். அவர் அன்றைக்கு மாடியில் கண்டதை அதில் தேடிக்கொண்டிருந்தார். ஒரு மணித்தியாலம் இரண்டாகி, நூறு ரூபாய் கொடுத்துவிட்டு இறங்கினோம். கீற்று அப்படியே இருந்தது.

அவர் சொன்ன அளவுகளைக் குறித்துக்கொண்டு போய், கொழும்பில் பெரிய கோப்பில் அப்படியே செய்து அச்சிட்டு அனுப்பினேன். அதை அவர் தன் வகுப்பறையில் மாட்டினார். அந்தச் செம்மஞ்சள் நிறம் என்னவென்று பிள்ளைகள் கேட்டால், "அது என்ட மச்சி" என்று மட்டும் சொல்வாராம்.

போகிறவர்களுக்குச் சில விடயங்கள். அந்தக் கரையில் அந்தி வானம் வேண்டுமென்றால் வயல் பக்கம் பாருங்கள். விடியல் வேண்டுமென்றால் கடற்கரை, பஜ்ர் தொழுகை முடிந்த உடனே. ஏப்ரல் பின்னேரங்களை நம்பாதீர்கள், மூன்று நாளாவது கையில் வைத்திருங்கள். மே முதல் ஓகஸ்ட் வரை மழை குறைவு, வானம் தெளிவு. முக்காலி இல்லாவிட்டால் நெல்லுப் பை போதும், மணல் கமராவுக்குள் போய்விடும். அடுத்தவரின் கமராவைத் திறக்கும் முன் ஒருதரம் கேளுங்கள். கணினியில் எப்போதும் பிரதியில் வேலை செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள்.

என்ன செய்தீர்கள் என்பதைப் படத்தின் பின்னால் எழுதியும் வையுங்கள். மதினி தன் கையால் எழுதி எனக்குத் தந்த பிரதி என்னிடம் இருக்கிறது. அதன் பின்பக்கம் இப்படி:

"திங்கள் பின்னேரம் 7.18. இருபது வினாடி, எண்ணியது மச்சி. கறுப்பைக் கொஞ்சம் கூட்டினோம். வெள்ளிகள் எல்லாம் அல்லாஹ் வைத்த இடத்தில்."