லாக்கருக்குள் மாட்டிக்கொண்ட நேபாளம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 'உடம்புக்கு ஏதாவதா?' என்று ஒரு வாசகி அக்கறையாக விசாரித்திருந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை அம்மா. நேபாள எல்லையில், நடுவெயிலில், முதுகுப்பையைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்!

தனியாக இல்லை. பக்கத்தில் என் நாத்தனார் ஸ்டெல்லா. எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரிக்குப் பக்கத்தில், ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் லைனில் வேலை பார்க்கிறாள். கார் உதிரிபாகங்களைப் பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி, லேபிள் போட வேண்டும். லேபிளில் போகிற ஊரின் பெயர் இருக்கும். போலந்து, மெக்ஸிகோ, தாய்லாந்து...

"நான் ஒட்ன பொட்டி எந்தெந்த நாட்டுக்கோ போவுது அண்ணி. நான் மட்டும் சேரப்பணஞ்சேரிக்கும் ஒரகடத்துக்கும் போய்கினு வந்துகினு கீறேன். ஒரே ஒரு நாட்டுக்குள்ளயாவது போவணும். பிளேன்லாம் வேணாம். நடந்து போவணும்!" என்றாள் ஒருநாள், முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே.

அது என்ன நடந்து?

"பொட்டி லாரில போவுது, கப்பல்ல போவுது. எனக்குக் கால் கீதே!"

இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? பாஸ்போர்ட் இல்லாமல், வோட்டர் ஐடியைக் காட்டிவிட்டு நடந்தே உள்ளே போகக்கூடிய வெளிநாடு நேபாளம். சேர்த்துவைத்திருந்த லீவை எல்லாம் கேட்டாள் ஸ்டெல்லா. சூப்பர்வைசர் சேகர் சிரித்தாராம். "நேபாளமா? இதோ பக்கத்துல கீற வாலாஜாபாத் போய்ட்டு வாம்மா. ஒருநாள் லீவு போதும்." ஆனாலும் லீவு கொடுத்துவிட்டார். வீட்டிலும் அதே சிரிப்புதான். "ரெண்டு பேரும் சென்ட்ரல் ஸ்டேஷன்லயே தொலைஞ்சிடுவீங்க" என்றார் என் கணவர். அவளுடைய சொந்த அண்ணன்!

தொலையவில்லை. பாட்னாவுக்கு ரயில், அங்கிருந்து எல்லை ஊரான ரக்சௌலுக்குப் பஸ். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் கொடுத்த பைதான் அவளுக்கு முதுகுப்பை. இந்தி? அவளுக்கு வரும், ஆனால் எல்லாமே லைனில் பீகார் பையன்களோடு வேலை பார்த்துக் கற்ற இந்தி. 'சீக்கிரம்', 'இங்கே வை', 'எண்ணிக் கொடு', 'லைன் நிக்குது' — இவ்வளவுதான் அவளுடைய அகராதி. 'தயவுசெய்து' என்ற சொல்லே அதில் கிடையாது. பாட்னா பஸ்ஸில் ஒருவர் இரண்டு சீட்டில் துண்டு போட்டு வைத்திருந்தார். "உடாவோ! ஜல்தி!" — 'எடு! சீக்கிரம்!' — என்று ஒரு அதட்டல். மனிதர் துண்டோடு எழுந்து பின்சீட்டுக்கே போய்விட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

எல்லைக்கு வந்தோம். இங்கேதான் கதை.

எங்கள் பக்கத்துக் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தினமும் கம்பெனி வாசலில் சோதனை, உள்ளே போட்டோவுக்குத் தடை; அதனால் எந்த கேட்டைப் பார்த்தாலும் உடம்பு தானாக வேலை செய்யும். ஸ்டெல்லா என்ன செய்தாள் தெரியுமா? போன் கவரில் ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கரை உரித்துக் கேமராவை மூடினாள். கழுத்திலிருந்த கம்பெனி ஐடியைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு கைகளையும் அகல விரித்து, சோதனைக்குத் தயாராக நின்றாள்.

இந்திய எல்லைக் காவலர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "வோட்டர் கார்டு?"

பர்ஸைத் திறந்தாள். பையைக் கவிழ்த்தாள். பிறகு மெதுவாக என்னைப் பார்த்தாள்.

"அண்ணி... லாக்கர்ல கீது."

"எந்த லாக்கர்?"

"கம்பெனி லாக்கர். கடைசி நாளு ஜெராக்ஸ் எடுக்க எட்த்துனு போனேன். தொலஞ்சிடப் போவுதுன்னு பத்திரமா உள்ள வச்சிப் பூட்னேன்." கழுத்தில் ஐடியோடு தொங்கிய சாவியைத் தொட்டுக் காட்டினாள். பூட்டு ஒரகடத்தில், சாவி ரக்சௌலில்!

பத்திரமாக வைப்பது என்பதே நம்மைப் பிடித்த வியாதி என்று நினைக்கிறேன். நல்ல புடவை பீரோவில், நல்ல கப்புகள் ஷோகேஸில்... வேண்டிய நேரத்தில் எதுவும் கைக்கு வராது. ஆசைகளையும் அப்படித்தான் வைத்திருக்கிறோமோ?

என்னிடம் கார்டு இருந்தது. நான் போகலாம்.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க அண்ணி. நான் இங்கியே குந்திகினு கீறேன். இங்கேர்ந்தே அந்த கேட் தெரிது பாருங்க, அது போதும்." சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. எது போதும்? யாருக்காக வந்தோம்?

"சேகருக்குப் போன் போடு" என்றேன். தயங்கினாள். நான்தான் போனைப் பிடுங்கிப் போட்டேன். அன்று அவருக்கு வார ஓய்வு; மணிமங்கலத்தில் வீட்டிலிருந்தார் மனிதர்.

ஸ்பீக்கரில் பொரிந்து தள்ளினார். "உனுக்கு மூள கீதா? வோட்டர் ஐடிய லாக்கர்ல வச்சிட்டு எவனாவது வெளிநாடு போவானா?" பின்னாலேயே வண்டிச் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டது. "சரி, போன ஆஃப் பண்ணாத. ஸ்பேர் சாவி செக்யூரிட்டி ஆபீஸ்ல கீது. வண்டிய எட்த்துனு போறேன்."

பைக்கில் போய்ச் சேர்ந்து அழைத்தார். செக்யூரிட்டி அதிகாரி போனிலேயே எம்ப்ளாயி நம்பரைக் கேட்டார். பையின்மேல் சுருண்டு உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்கூல் பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். லாக்கர் திறந்தது. உள்ளே போட்டோ எடுக்க முடியாதே? கார்டை கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து, எதிர் டீக்கடை பெஞ்சில் வைத்து எடுத்தார். ஷிப்ட் முடிந்து வந்த லைன்காரர்கள் காற்றில் பறக்காமல் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

வாட்ஸ்அப்பில் வந்து விழுந்த போட்டோவில் ஸ்டெல்லாவின் கார்டு, நாலு கட்டைவிரல்கள், ஓரத்தில் கடித்து வைத்த ஒரு மெதுவடை.

காவலர் பெரிதுபடுத்திப் பார்த்தார். படத்தையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார். அசல் கார்டுதான் வேண்டும் என்று நீளமாக அறிவுரை சொன்னார். கடைசியில், "வடை எதுக்கு?" என்று கேட்டு அவரே சிரித்துவிட்டு, போ என்று கையைக் காட்டினார்.

இரண்டு நாட்டுக்கும் நடுவே இருக்கும் பாலத்தில் ரிக்‌ஷாக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள். அவள் ஏறவில்லை. நடந்தாள். முதுகுப்பைக்குள் இட்லிப்பொடி டப்பா லொடலொடக்க, வேகமாக, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நேபாளத்தின் நுழைவு வளைவைத் தாண்டியதும் நின்று, பழையபடி இரண்டு கைகளையும் விரித்தாள்.

யாரும் சோதிக்க வரவில்லை.

"இன்னா அண்ணி இது? நம்ம கம்பெனிக்குள்ள நொழையறத விட ஒரு நாட்டுக்குள்ள நொழையறது ஈஸியா கீது!" என்று சொன்னவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. என் நாத்தனாரை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது. டீக்கடை வாசலில் மூலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நாலு கட்டைவிரல்களை நினைத்தும்தான்.

காத்மாண்டு மலைப்பாதையில் நான் வாந்தி எடுத்ததையும், அவள் பருப்புச் சோற்றை மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிட்டதையும், குளிரில் இரண்டு பேரும் ஒரே கம்பளிக்குச் சண்டை போட்டதையும் சொல்லப்போனால் இந்தப் பக்கம் போதாது.

ஊர் திரும்பிய பின், திங்கட்கிழமை காலை ஷிப்ட். கேட்டில் வழக்கம்போல செக்யூரிட்டி அம்மா பையைப் பிடித்து நிறுத்தினாராம். "பையில இன்னா கீது?"

ஸ்டெல்லா கைகளை விரித்து நின்றபடியே சொல்லியிருக்கிறாள்: "நேபாளம்."