அரிசி மூட்டை மான்

செயின்ட்-மிஷேல் பகுதி, காலை. நான் தங்கியிருக்கும் வீட்டின் பின்சந்தில், வீட்டுக்காரர் செல்வம் தன் மவுண்டன் பைக்கின் பின்னால் சின்ன இழுவண்டி ஒன்றைப் பூட்டுகிறார். அதில் நான்கு அரிசி மூட்டைகளை ஏற்றிக் கயிற்றால் கட்டுகிறார். ஒரு மான் அவ்வளவு எடை இருக்குமாம்.

போன வருட வேட்டைப் பருவத்தில், கார் போகாத காட்டுப் பாதையில் மான் சுட்டார். துண்டு துண்டாகச் சுமந்து வெளியே வருவதற்குள் பாதி இறைச்சி கெட்டுவிட்டது. சந்து முனையிலுள்ள ஏற்றத்தில் கால் ஊன்றாமல் இழுத்துக் காட்டினால்தான் இம்முறை வேட்டைக்கு விடுவேன் என்று மனைவி றெஜினா சொல்லிவிட்டார்.

"சைக்கிள் சத்தம் போடாது, தம்பி. மானுக்குத் தெரியவே தெரியாது," என்கிறார் செல்வம் என்னிடம்.

"நீங்கள் மூச்சு வாங்கிறது காடு முழுக்கக் கேக்குமே," என்கிறார் படியில் நிற்கும் றெஜினா.

செல்வம் கியரைக் குறைத்து மிதிக்கிறார். பாதி ஏற்றத்தில் சைக்கிள் தள்ளாடுகிறது. வலது கால் பெடலை விட்டு நழுவித் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்குகிறது. பிறகு திரும்பப் பெடலைப் பிடித்துக்கொள்கிறது. உச்சிக்குப் போய் நின்று மணியடிக்கிறார்.

றெஜினா கைதட்டவில்லை.

"பிரீசரிலை இடம் வேணும். கிடக்கிற மீனை இண்டைக்கே காய்ச்சிறன். தம்பி, நீங்களும் சாப்பிட்டிட்டுப் போங்கோ."