மருமகன் வீட்டுச் சோறு

எழுபதுகளின் தொடக்கம். மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்த ஒரு வயோதிபர் இல்லத்துக்கு நான் கௌரவச் செயலாளராக இருந்தேன். பகலில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தல், மாலையில் சமூக சேவை. நிறைய வாசித்தவன் என்றொரு பெயர் ஊரில் எனக்கு இருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்ற எல்லாவற்றிலும் ஓர் அபிப்பிராயம் வைத்திருந்தேன்.

அந்த மாரியில் கிரான் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். எழுபது வயதுக்கு மேலிருக்கும். தமிழ்நாட்டில் பிறந்து, சிறுமியாக மலையகத் தோட்டத்துக்கு வந்து, ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர். கணவர் போய், வேலையும் போனபிறகு, வயல் வேலை தேடி இறங்கிய ஒரு குடும்பத்தோடு கிரானுக்கு வந்திருக்கிறார். அந்தக் குடும்பம் வேறிடம் புறப்பட்டபோது இவரால் நடக்க முடியவில்லை. விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அவர் பேசியதும் தமிழ், நாங்கள் பேசியதும் தமிழ். ஆகவே அவருக்கென்று தனியாக எதையும் யோசிக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. எனக்கு மட்டும் தோன்றியது. தோட்டத்து மனுஷி, தேத்தண்ணி இல்லாமல் தவித்துப்போவார் என்று நாளைக்கு இரண்டு கோப்பை கூடுதலாகக் கொடுக்கச் சொன்னேன். ஒரு வாரம் மறுக்காமல் குடித்தார். பிறகு இல்லத்து முதியோரைப் பார்த்துக்கொண்ட மேற்றனிடம் மெதுவாகச் சொன்னாராம்: "அந்த வாசனையே ஆகாதுங்கம்மா. வெந்நி இருந்தாப் போதும்."

பகல் முழுக்க விறாந்தையில், வாசல் படலையைப் பார்த்தபடி இருப்பார். மலையில், வேறொரு தோட்டத்தில், குடும்பத்தோடு ஒற்றை அறையில் அவருக்கு ஒரு மகன். தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்திருந்தான். கடவுச்சீட்டு கிடைத்ததும் வந்து கூட்டிப்போவான் என்பது அவருடைய கணக்கு. மேற்றனைக் கொண்டு அவனுக்குக் கடிதமும் போட்டிருந்தார்.

மேற்றன் பேச்சுக் கொடுத்ததில் இன்னொரு சங்கதியும் வெளியே வந்தது. வாவிக்கு அக்கரையில், மண்டூரில், கூலிவேலை செய்யும் புருஷனோடு ஒரு மகளும் இருக்கிறாள். செயற்குழுவில் இதைச் சொன்னேன். தலைவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மகள் இருக்காளா? பிறகென்னத்துக்கு கா கிழவி மடத்தில கிடக்கா?"

எல்லோரும் தலையாட்டினோம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணம் முடித்தவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். தாய் தகப்பனின் கடைசிக் காலம் மகளோடு. இதை எழுதும் நானே மாமியார் வீட்டில், மாமியார் வாங்கிய மேசையில் வைத்துத்தான் எழுதுகிறேன். மகள் உள்ள ஒருத்தி மடத்தில் இருப்பது எங்கள் மூளைக்கு எட்டாத விஷயம்.

மகளிடம் அனுப்பப்போகிறோம் என்ற நல்ல செய்தியை நானே கொண்டுபோய்ச் சொன்னேன். அந்த அம்மா பதறிப்போனார்.

"வேணாங்க ஐயா. மருமவன் வீட்டுல போயி கை நனைக்கிறதுங்களா? மகன் வருவான்ங்க. நான் இங்கனயே இருந்துக்கிறேன்."

"நான் தின்னுறதே மாமி வீட்டுச் சோறுதான் ஆச்சி. எனக்கு வராத வெக்கம் உங்களுக்கு என்னத்துக்கு?" என்றேன்.

விறாந்தையே சிரித்தது. அவரும் தலையைக் குனிந்து கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

படகில் வாவியைக் கடந்து கொண்டுபோய் விட்டோம். மகள் கட்டிப்பிடித்து அழுதாள். மருமகன் ஓடிப்போய்ப் பாய் விரித்தான். அந்த அம்மா வாசற்படி ஏறவில்லை. முற்றத்து முருங்கையடியில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். களைப்பு என்று நினைத்தேன். திரும்பி வந்து பதிவேட்டில் அவர் பெயரை வெட்டி, 'உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டார்' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். அடுத்த நாளே கட்டிலுக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

ஒரு மாதம் போயிருக்கும். படலையில் ஒரு மெலிந்த மனிதர், கக்கத்தில் பெரிய கடித உறையோடு நின்றார்.

"அம்மாவை அழைச்சிட்டுப் போக வந்தேங்க. சீட்டு வந்துருச்சு."

எனக்கு ஒரே சந்தோஷம். "அம்மா நல்ல சுகமா இருக்கா. மண்டூரில உங்கட தங்கச்சி வீட்டில விட்டிருக்கம்."

"தங்கச்சி புருசன் வீட்டுலயாங்க?"

"ஓம்."

"எத்தன நாளா?"

"ஒரு மாசமிருக்கும்."

உறையை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டார். "அப்ப, நான் செத்துட்டேன்னே அம்மா முடிவு கட்டிருச்சு. மகன் உசுரோட இருக்கையில அங்க போயி கை நனைக்குமா?" என்றார்.

படகு எங்கே பிடிப்பது என்று விளக்கமாகச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்று மேற்றனிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மருமகன் வந்தான். கதிரை காட்டியும் உட்காரவில்லை.

"மாமி வந்த நாள்லேருந்து எங்க பானையில ஒரு பருக்கை தொடலைங்க."

அறுவடை முடிந்த வயல் வட்டைகளில் உதிர்ந்து கிடந்த நெற்கதிரைப் பொறுக்கி, குற்றி, முருங்கையடியில் மூன்று கல் வைத்துத் தனியாகப் பொங்கித் தின்றிருக்கிறார். அந்த வயதில். முந்தின நாள் வரம்பில் விழுந்து கால் வீங்கிக் கிடக்கிறார்.

"கூட்டிட்டுப் போங்கன்னு நான் சொன்னா, வெரட்டுறேன்னு ஆகிரும். அதான் இத்தன நாளும் வாயத் தொறக்கலைங்க."

"மச்சான் வந்து ஒன்றும் சொல்லல்லியா?"

"எந்த மச்சானுங்க? யாரும் வரலியே."

மேற்றன் கடிதம் போட்ட தோட்ட முகவரிக்குத் தந்தி அடித்தேன். மகன் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டதாகப் பதில் வந்தது. மறுநாளே மண்டூருக்குப் போனேன்.

முருங்கையடியில் படுத்திருந்தவர் என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். "மடத்துச் சோறு யாரு வீட்டுச் சோறும் இல்லீங்களே ஐயா. அதத் திங்கலாம்" என்றார். பிறகு, "மகன் வந்தானுங்களா?"

வாயில் வந்தது ஒரு பொய்தான். "இன்னும் இல்ல ஆச்சி."

"வருவான்ங்க. நான் அங்கன இல்லேன்னா தெகச்சுப் போவான். வெரசாப் போயிருவோம்."

குழுவோடு சண்டை பிடித்து ஒரு கட்டில் வாங்கினேன். அந்த அம்மா அதற்குப்பிறகு ஒரு வருடத்துக்குச் சற்று அதிகமாக இருந்தார். கடைசிவரை விறாந்தையில், படலையைப் பார்த்தபடி. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை பக்கத்தில் போய் நின்றிருக்கிறேன். சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

அவர் வேறு பாஷை பேசியிருந்தால், விளங்கப்படுத்த ஓர் ஆளைத் தேடிப்பிடித்தாவது என்ன சொல்கிறார் என்று கேட்டிருப்பேன். ஒவ்வொரு சொல்லும் விளங்கிவிட்டது என்று நம்பியதால்தான் அன்று சிரித்தேன் என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம், எதிரில் இருப்பவர் 'வேண்டாம்' என்று சொன்னால், எதையும் நன்கு அறிந்தவனாகிய நான் இப்போது பேசாமல் இருந்துவிடுகிறேன்.