அம்மாவின் பாத்திக்கு மாமா வாங்கிய மெசின்

பிள்ளைகளே, நேற்றுப் பின்னேரம் நீங்கள் முற்றத்தில் இருந்து கதைத்தது என் காதில் விழுந்தது. பாத்தி கொத்துவதற்குச் சின்னதாக ஒரு மெசின் வாங்கப்போகிறீர்கள். நல்ல விஷயம். அம்மாவின் முதுகு இனி மண்வெட்டியைத் தாங்காது. ஆனால் உங்களில் ஒருவர், "மாமாவைக் கேப்பம், அவருக்கு மெசின் எல்லாம் தெரியும்" என்று சொன்னீர்கள். அதைக் கேட்டபிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்துங்கள். கோபம் இருந்தால் அதைத் திருத்த வேண்டாம், அது தெரிந்தே எழுதியது.

நமது தோட்டத்துக்கும் மாமாவின் தோட்டத்துக்கும் நடுவே ஏன் வேலி நிற்கிறது என்று நீங்கள் சின்ன வயதில் கேட்டிருக்கிறீர்கள். நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

வேலணையில் அம்மாவின் தகப்பனுக்கு இருந்தது ஒரே தோட்டம். அதைத்தான் இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்தார். கிணறு இருந்த மேற்குப் பக்கம் மகனுக்கு, அதாவது உங்கள் மாமாவுக்கு. கடலைப் பார்த்த கிழக்குப் பக்கம் மகளுக்குச் சீதனம். பத்திரத்தில் எழுதும்போது இரண்டும் ஒரே அளவுதான். ஆனால் கிணற்றுப் பக்கத்து மண்ணில் எதை ஊன்றினாலும் வரும். எங்கள் பக்கத்தில் கால் வைத்தால் கோடையில் பாதத்தில் வெள்ளையாக உப்பு ஒட்டும். கலியாணத்தன்று அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் மாப்பிள்ளைக் கோலத்தில் மண்ணை எங்கே பார்த்தேன்?

அம்மாதான் அந்த நிலத்தைத் தோட்டமாக்கியவர். உவர் நிலத்தின் மேல் பச்சைப் பனையோலையை அடுக்கடுக்காகப் பரப்பி, அதன் மேல் கடலில் ஒதுங்கிய சாதாழையும் இலைகுழையும் போட்டு, கோடையில் குளம் வற்றியதும் அடிமண்ணைக் கடகத்தில் சுமந்து வந்து கொட்டினார். முழங்காலில் பாதி உயரத்துக்குப் பாத்தி எழும்பியது. கீழே இருக்கிற உப்பு ஓலையைத் தாண்டி மேலே வராது. மேலே ஊற்றுகிற நல்ல தண்ணீரும் சட்டென்று கீழே போய்விடாது. ஒரே வருடத்தில் செய்ததல்ல. வருடத்துக்கு ஒரு பாத்தி, வாய்த்தால் இரண்டு. மூத்தவன் வயிற்றில் இருந்தபோதும் கடகம் சுமந்தவர்.

பாத்தியின் அகலத்தை அவர் எப்படி எடுத்தார் தெரியுமா? ஒரு பக்கத்தில் குந்தியிருந்து கையை நீட்டி, விரல் எட்டிய இடத்தில் ஒரு கோடு. மற்றப் பக்கம் போய்க் குந்தி அதே கோட்டைத் தொட்டார். அவ்வளவுதான் அகலம். புல்லுப் பிடுங்கவும் வெங்காயம் நடவும் பாத்திக்குள் கால் வைக்கத் தேவையில்லை. அந்த அளவுக்கு ஒரு பனைமட்டையை வெட்டி வைத்துக்கொண்டு எல்லாப் பாத்தியையும் அப்படியே கட்டினார். பாத்தியை மிதித்ததற்காக நீங்கள் எல்லோரும் அடி வாங்கியிருக்கிறீர்கள். காரணம் இதுதான்.

பிறகு வெளிநாட்டிலிருந்து வெங்காயமும் மிளகாயும் வராமல் நின்ற காலம் வந்தது. தீவுப் பகுதியிலும் தோட்டம் வைத்திருந்தவனுக்கு மதிப்பு வந்தது. தென்பகுதியில் கடை வைத்திருந்த மாமா கடையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு ஊரோடு வந்தார். சின்ன வயதிலேயே கடைக்குப் போனவர். தராசு பிடித்த கை. தோட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, விலை ஏறியிருக்கிறது என்பது மட்டும்.

"மச்சான், இனி ஆர் மண்வெட்டி பிடிக்கிறது? ஒரு உழவு மெசின் எடுப்பம். ரெண்டு பக்கத்துக்கும் ஒண்டு காணும். நான் வாங்குறன், நீர் வந்து பாத்துச் சொல்லும்" என்றார்.

கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மா அந்தப் பனைமட்டையை எடுத்துத் தந்து, "இஞ்சேருங்கோ, இதுக்கு மேலை அகலமெண்டால் வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றார்.

பட்டணத்துக் கடைக்கு நான் பனைமட்டையோடு போனேன். பஸ்ஸிலேயே மாமா தொடங்கிவிட்டார்.

"என்ன மச்சான், மாடு சாய்க்கவோ போறீர்?"

கடையில் மூன்று வகை நின்றன. இரண்டு பெரிய சில்லு வைத்து, பின்னால் அகலமாகக் கத்திகள் சுழல்கிற ஒன்று. வயல் உழுகிறவனுக்கு அது சரி. அதைவிடக் கொஞ்சம் ஒடுங்கலாக ஒன்று. மூலையில், சாக்கு மூடிக் கிடந்தது மூன்றாவது. சில்லுக்குப் பதிலாகக் கத்திகளே அச்சில் இருந்தன. இரண்டு கைபிடி. பின்னால் ஒரு இரும்புக் கம்பி. அதை ஏற்றி இறக்கினால் கத்தி எவ்வளவு ஆழம் போகும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். பனைமட்டையைக் கத்திகளுக்குக் குறுக்கே வைத்தேன். மட்டை இரண்டு பக்கமும் நாலு விரல் வெளியே நின்றது. பாத்தியின் கரை உடையாமல் உள்ளுக்குள் ஓடும். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"மச்சான், இதுதான்."

மாமா அதைக் காலால் தட்டிப் பார்த்தார். "இது பல்லுக் குத்துறதுக்கு நல்லாயிருக்கும்."

கடைக்காரர் சிரித்தார். வாங்குகிற ஆளின் பக்கம் சாய்ந்து சிரிக்கிற சிரிப்பு. "ஐயா சொல்லுறது சரி. சின்னதைக் கொண்டுபோய் என்ன செய்யப்போறியள்? மெசினுக்கு ஏத்தமாதிரிப் பாத்தியை அகலமாக்குங்கோ" என்றார்.

"பாத்தியை அகலமாக்கினால் கை எட்டாது" என்றேன்.

"கையை நீட்டச் சொல்லுங்கோ" என்றார் மாமா. இரண்டு பேரும் திரும்பவும் சிரித்தார்கள்.

அது உங்கள் அம்மாவின் கை. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. மறக்கிற எண்ணமும் இல்லை.

அன்று ஒன்றும் வாங்காமல் திரும்பினோம். "யோசிப்பம்" என்றார். அவர் யோசித்தது என்னவென்று, பண்ணைப் பாலத்தைக் கடந்து லொறி ஒன்று நமது ஒழுங்கைக்குள் வந்தபோதுதான் தெரிந்தது. பெரிய மெசின். இருந்ததிலேயே பெரியது. ஒழுங்கைக்குள் இரண்டு பக்கத்து வேலியும் உரசத்தான் அதை இறக்கினார்கள். ஊரே வந்து பார்த்தது. மாமா கதிரை போட்டு இருந்து வந்தவர்களுக்கெல்லாம் சோடா கொடுத்தார்.

கூட்டம் போனபிறகு சொன்னேன். "மச்சான், உம்முடைய பக்கத்திலை என்னவும் செய்யும். எங்கடை பக்கம் இதைக் கொண்டுவர வேண்டாம். பாத்தி அகலம் காணாது."

"ஓம் ஓம்" என்றார்.

அந்த ஓமுக்கு என்ன பொருள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நயினாதீவு அம்மனுக்குத் தேர் வந்தது. நடுவிலாளுக்கு முடியிறக்குகிற நேர்த்தி இருந்தபடியால் எல்லோரும் வள்ளம் ஏறிப் போய், இரவு அங்கேயே தங்கினோம். திருவிழா முடிய வெங்காயம் நடுவதாக இருந்தது. விதை வெங்காயம் பிடி பிடியாகக் கட்டிக் குசினிக் கூரையில் தொங்கியது. வள்ளத்தில் வரும்போதுகூட அம்மா எந்தப் பாத்தியில் முதலில் நடுவது என்றுதான் கதைத்துக்கொண்டு வந்தார்.

ஒழுங்கையால் திரும்பும்போதே எண்ணெய் மணம். மாமா வாசல் படலையில் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"தங்கச்சி, கண்ணை மூடிக்கொண்டு வா. அண்ணை உனக்கு ஒரு வேலை செய்து வைச்சிருக்கிறன்."

தோட்டம் விளையாட்டுத் திடல் மாதிரிக் கிடந்தது. ஒரு பாத்தி இல்லை. ஒரு வாய்க்கால் இல்லை. எல்லாவற்றையும் ஒரே மட்டமாக உழுது வைத்திருந்தார். பாதி உக்கிய ஓலையெல்லாம் நார்நாராகக் கிழிந்து மேலே கிடந்தது. கத்தியில் சுற்றிக்கொண்டதை வெட்டி எடுத்து வேலியோரம் குவித்தும் வைத்திருந்தார், ஏதோ குப்பை மாதிரி. அடியில் இருந்த சாம்பல் மண் மேலே வந்திருந்தது. குளத்து மண் எது, உவர் மண் எது என்று பிரிக்க முடியாது.

"ஒரு பகல்தான் எடுத்தது. இனி நீ குனியத் தேவையில்லை" என்றார் மாமா.

அம்மா குனிந்தார். ஒரு விரலால் மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு துப்பினார்.

"அண்ணை, ஓலையைக் கண்டனியள்தானே?"

"கண்டனான். மெசினிலை சிக்கிச் சிக்கி என்ரை சீவனை எடுத்துப்போட்டுது. எருவுக்கு மண்ணுக்குள்ளை தாட்டதுதானே, உக்கியிருக்குமெண்டு நினைச்சன்."

"எருவுக்கு உங்கடை பக்கத்திலை தாழ்க்கிறது, அண்ணை. எங்கடை பக்கத்திலை உப்புக்கு."

மாமாவுக்கு அப்போதும் விளங்கவில்லை. "மழை பெய்யக் கழுவிக்கொண்டு போயிடும்" என்றார். மழைக்கு இன்னும் எத்தனை மாதம் கிடந்தது. 

நான் என்ன கதைத்தேன் என்பதை முழுவதும் எழுத மாட்டேன். நீங்கள் படிக்கிற பிள்ளைகள். "கேட்டனீரோ? வரவேண்டாமெண்டு சொன்னனான், கேட்டனீரோ?" என்று தொடங்கினேன். கிணற்றுப் பக்கம் யாருக்குக் கிடைத்தது, கடற்கரைப் பக்கம் யார் தலையில் விழுந்தது என்பதுவரை போனேன். அவரும் விடவில்லை.

"நல்லது செய்ய வந்தவனுக்கு இதுதான் கூலி. விசர் பிடிச்ச மனிசன். ஓலைக்கும் மண்ணுக்கும் ஒரு சண்டையோ?"

"ஓம். ஓலைக்கும் மண்ணுக்கும்தான்" என்றேன்.

நல்லது செய்ய வந்தவர் என்பது உண்மை. கெடுதல் செய்ய நினைத்திருந்தால் நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன். கெடுதல் செய்கிறவனிடம் நாங்கள் கவனமாக இருப்போம். இவர் ஒரு நாளும் கேட்கவில்லை. அந்தக் கையிடம் கேட்கவில்லை, அந்த மண்ணிடம் கேட்கவில்லை, வேண்டாம் என்று சொன்ன வாயையும் கேட்கவில்லை. கேளாமல் செய்துவிட்டு, கும்பிடச் சொல்லி நின்றார்.

அன்றிரவு அம்மாவிடமும் என் கோபத்தைக் காட்டினேன். அவர் அழவில்லை, திட்டவில்லை. விளக்கைத் துடைத்துக்கொண்டே, "நீங்கள் அகலத்தைச் சொன்னியள். ஆழத்தைச் சொன்னியளோ?" என்று கேட்டார். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஓலை எதற்கு என்று இந்த நிலத்தில் பிறந்தவனுக்கு நான் வந்து சொல்ல வேண்டுமா?

இரண்டு பாத்தி அளவுக்கு வெங்காயம் நட்டுப் பார்த்தோம். முளைத்த தாள் நுனியெல்லாம் தீயில் காட்டியதுபோல் கருகியது. மிச்ச விதை வெங்காயத்தைக் கறிக்கு உரித்தோம். அந்த வருடம் நீங்கள் வெங்காயக் குழம்பு ருசியென்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டீர்கள்.

நான் கதியால் கம்புகளை வெட்டி நட்டு ஓலையால் வேலி அடைத்தேன். கிணற்றுத் தண்ணீர் வருகிற வாய்க்காலுக்கு மட்டும் வேலிக்குக் கீழே ஒரு பொட்டு, ஒரு சின்னத் துவாரம், விடச் சொன்னார் அம்மா. விட்டேன். வாய்க்காலுக்கு என்று விட்ட பொட்டு எப்படி ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்குப் பெரிதானது என்று நான் கேட்கவில்லை. அதால் கறிச்சட்டி போவதும் முருங்கைக்காய் வருவதும் எனக்குத் தெரியும். அவர் அண்ணன், அவர் கதைக்கட்டும். நான் கதைப்பதில்லை. மாமாவும் நானும் ஒரே செத்தவீட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் கதைக்கவில்லை.

அம்மா அடுத்த கிழமையே கடகத்தை எடுத்துவிட்டார். நானும் ஓலை வெட்டினேன். மறுபடி ஒவ்வொரு பாத்தியாக, கையை நீட்டி, கோடு போட்டு. இன்று நீங்கள் பார்க்கிற பாத்திகள் இரண்டாம் முறை கட்டியவை. முன்பு இருந்ததில் பாதிதான் இருக்கிறது. மற்றப் பாதி இன்னும் வெறும் நிலமாகக் கிடக்கிறது. மாமாவின் மெசினோ, அவர் தோட்டத்து நடைபாதையிலும் திரும்ப இடமில்லாமல் கொட்டிலுக்குள் போனது. அதன் இருக்கையில் கோழி அடை கிடந்ததை நானே வேலிக்கு மேலால் பார்த்திருக்கிறேன். ஒரு சொட்டு இரக்கமும் வரவில்லை.

ஆகவே, மெசின் வாங்குங்கள். பலத்தைப் பார்க்க வேண்டாம், பெயரைப் பார்க்க வேண்டாம், கடைக்காரர் சிரித்தால் அதையும் பார்க்க வேண்டாம். கத்தி எவ்வளவு அகலம், கத்தி எவ்வளவு ஆழம், ஆழத்தை நிறுத்தக் கம்பி இருக்கிறதா, அம்மா ஒற்றைக் கையால் திருப்பக்கூடிய பாரமா, இதை மட்டும் பாருங்கள். குசினிக் கூரையில், பானைகளுக்கு மேலே, அந்தப் பனைமட்டை செருகியிருக்கிறது. அதைக் கொண்டுபோங்கள். முக்கியமாக அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கைபிடியைப் பிடித்து, "இது காணும்" என்று சொன்னால் வாங்குங்கள். சொல்லாவிட்டால் பஸ் ஏறித் திரும்பி வாருங்கள்.

மாமா வீட்டுக்குப் போவதை நான் தடுக்கவில்லை. போங்கள், சாப்பிடுங்கள், அவர் தருவதை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மீது பாசம் உள்ள மனிதர். மெசின் கதையை மட்டும் அங்கே எடுக்க வேண்டாம். எடுத்தால் நாளைக்கே வாங்கிக்கொண்டு வந்து படலையில் இறக்கிவிடுவார். அதுவும் பெரியதாக.